ஊர்க்காரர் கை

அவர் கையில் ஒரு பொருள் அரை நாள் தங்கி நான் பார்த்ததில்லை. குடையோடு வெளியே போனால் நனைந்துகொண்டு திரும்புவார். பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர் இரண்டு முறை இருமினால் போதும். சட்டைப் பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்து, பல்லால் கடித்து ஒரு துண்டு பிய்த்து, "போட்டுக்கங்க, நல்லாயிடும்" என்று நீட்டிவிடுவார். வாங்கிக்கொள்ளாத ஆளையும் நான் பார்த்ததில்லை. அதுதான் எனக்கு ஆகாது. நான் யாருக்காவது எதையாவது நீட்டினால் முதலில் என் முகத்தைப் பார்ப்பார்கள். அவர் நீட்டினால் கையை மட்டும் பார்ப்பார்கள்.

மலேசியாவில் கிள்ளான் ஊரில், லிட்டில் இந்தியாவுக்குப் பின்தெருவில் எங்கள் முதலாளி அக்கா தன் வீட்டிலேயே நடத்திய சமையல் கூடத்தில் அவரோடு வேலை செய்தேன். மேசை நாற்காலி போட்ட கடை அல்ல. காலையில் சமைத்து, பொட்டலம் கட்டி, மேரு பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கு மதியச் சாப்பாடு அனுப்பும் இடம். வேன் ஓட்டுவது நான். காய் நறுக்குவது மேரி ஆன்டி. பாத்திரம் கழுவ, பொட்டலம் மடிக்க இன்னும் இரண்டு பெண்கள். அடுப்படி அவருடையது. கோவிட் ஊரடங்கு முடிந்து, வேலை பர்மிட்டில் வெளிநாட்டு ஆட்கள் மறுபடி வரத் தொடங்கிய சமயத்தில் மன்னார்குடிப் பக்கத்திலிருந்து வந்து சேர்ந்தார். அவருக்குப் பெயர் இருந்தது, பர்மிட் அட்டையில். தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்களை நாங்கள் ஊர்க்காரர் என்போம். அவருக்கு அதுவே நிலைத்துவிட்டது.

நான் படிவம் இரண்டோடு, அதாவது எட்டாம் வகுப்போடு, பள்ளியை விட்டவன். கேமரன் மலையில் கோஸ் பறித்திருக்கிறேன், போர்ட் கிள்ளானில் இறால் பிரித்திருக்கிறேன், ஜொகூரில் பெட்ரோல் ஊற்றியிருக்கிறேன். படுக்க இடமில்லாமல் கோலாலம்பூரில் பிரிக்பீல்ட்ஸ் பாலத்துக்கடியில் ஒரு மழைக்காலம் முழுக்கத் தூங்கியதும் உண்டு. ஓர் இடத்தில் ஒரு வருடம் ஆனால் எனக்குக் கால் அரிக்கும். அக்காவின் வீட்டில் மட்டும் அரிக்கவில்லை. காரணம் அக்கா. கணவன் இறந்த பிறகு அடுப்பை அணையவிடாமல் பார்த்துக்கொண்டவள். அவளைக் கட்டிக்கொண்டு அந்த வீட்டிலேயே இருந்துவிட வேண்டும் என்று நினைத்தேன். அவள் என்னைவிட ஒரு வயது இளையவள். முதலாளி என்பதால் நான் அக்கா என்று ஆரம்பித்தேன். பதிலுக்கு அவள் தம்பி என்றாள். அந்த இரண்டு சொற்களையும் தாண்டுவதற்கு ஒரு நல்ல நாள் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் ஊர்க்காரர் வந்தார்.

வந்த வாரமே ஒரு பழக்கத்தைத் தொடங்கிவைத்தார். பொட்டலமெல்லாம் போய், அடுப்பு அணைந்த பிறகு, மிஞ்சிய சோறு, சாம்பார், பொரியல், அண்டாவின் அடியில் ஒட்டிய பருப்பு எல்லாவற்றையும் ஒரு பெரிய அலுமினியத் தாம்பாளத்தில் கொட்டி, மேலே கொஞ்சம் நெய் விட்டு, முழங்கை வரை கையை விட்டுப் பிசைவார். பிறகு சுற்றி நிற்கிறவர்களின் உள்ளங்கையில் ஒவ்வோர் உருண்டையாக வைப்பார். தட்டு கிடையாது, கரண்டி கிடையாது. கடைசி உருண்டைதான் அவருக்கு. அதையும் பல நாள் யாராவது தெருவில் போகிறவருக்குக் கொடுத்துவிடுவார்.

கை என்றால் அகலமான கை. மஞ்சள் ஏறிய நகங்கள். விரல் இடுக்கில் பெருங்காய வாசம். கை கழுவுவது என்றால் வாளித் தண்ணீரில் முக்கி, தோளில் கிடக்கும் துண்டில் துடைப்பது.

"இத்தனை வருஷமா நானும் சமைக்கிறேன், என் சோத்துக்கு இந்த ருசி வரல பாரேன்" என்பாள் அக்கா, உருண்டையை வாயில் போட்டுக்கொண்டே.

"கை மணம்லா" என்பார் மேரி ஆன்டி. "வெளிநாட்டுச் சரக்கு."

மேருவிலிருந்து வேனோடு நான் திரும்பும்போது இந்தக் கூத்துதான் நடந்துகொண்டிருக்கும். "ஒரு வாய் வாங்கிக்கோ தம்பி" என்று அக்கா கூப்பிடுவாள். "சாப்டாச்சுக்கா" என்று சொல்லிவிட்டு, காலிக் கூடைகளை இறக்கப் போய்விடுவேன். ஒரு நாளும் அவர் முன்னால் நான் கையை நீட்டியதில்லை.

சாப்பிட்டாச்சு என்று சொன்னது பொய்யில்லை. அவர் வந்து சில வாரங்கள் கழித்து, காலையில் வேனை எடுக்கப் போனபோது ஓட்டுநர் இருக்கையில் ஒரு பொட்டலம் இருந்தது. சுடச்சுடச் சோறு, ஓரத்தில் ஒரு துண்டு அதிகப்படி மீன். மறுநாளும் இருந்தது. அதற்கு அடுத்த நாளும். யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்டால் கலைந்துவிடும் என்று ஒரு பயம். அந்த ஆள் வந்த பிறகும் அக்கா என்னை மறக்கவில்லை, எல்லார் முன்னாலும் செய்ய முடியாததை இப்படிச் செய்கிறாள் என்று புரிந்துகொண்டேன். மேருவில் ஏதாவது தொழிற்சாலைச் சுவரோரம் நிழல் பார்த்து வேனை நிறுத்திவிட்டு, அந்தப் பொட்டலத்தைப் பிரித்து, ஒரு பருக்கை விடாமல் சாப்பிடுவேன். தாம்பாளத்தைச் சுற்றி நிற்கிறவர்களைப் பார்த்தால் கொஞ்சம் இளக்காரமாகக்கூட இருக்கும். எல்லாருக்கும் கிடைப்பது அவர்களுக்கு. எனக்கென்று கிடைப்பது எனக்கு.

வெள்ளிக்கிழமைகளில் பிரிக்பீல்ட்ஸில் ஓர் அலுவலகத்துக்கும் சாப்பாடு போகும். அன்றைக்கு அவரும் கூட வருவார், சாமான் வாங்க. அங்கே பூக்கடை வரிசையின் முனையில் கண் தெரியாத ஒருவர் டிஷ்யூ பாக்கெட் விற்றுக்கொண்டு நிற்பார். பாலத்துக்கடியில் படுத்திருந்த காலத்திலிருந்து எனக்குத் தெரிந்த மனிதர். எத்தனையோ முறை சாலை கடக்க அவரைப் பிடித்து நடத்தியிருக்கிறேன். ஊர்க்காரர் முதல் வெள்ளியன்று அவர் கையில் ஒரு வடையை வைத்தார். இரண்டாவது வெள்ளியன்று குடையைக் கொடுத்தார். மூன்றாவது வெள்ளி, விளையாட்டுக்கு, ஊர்க்காரருக்கு முன்னால் நான் போய் ஒரு வடையை அவர் உள்ளங்கையில் வைத்தேன். சத்தமே போடவில்லை.

அவர் விரல்கள் என் விரல்களைத் தொட்டுப் பார்த்தன. "இது வேற கை லா" என்றார். "நம்ம ஊர்க்காரர் வரலையா இன்னைக்கு?"

ஊர்க்காரர் பின்னால் நின்று சிரித்தார். "வந்திருக்கேன் வந்திருக்கேன். அண்ணனும் நம்மாளுதான்" என்று என் தோளில் கை போட்டார். அந்தக் கையை எடுத்துவிட எனக்கு ஒரு சாக்கு வேண்டியிருந்தது. செருப்பைச் சரி செய்வதுபோல் குனிந்துகொண்டேன்.

மாத்திரை விஷயத்துக்கு வருகிறேன். விடுமுறைக்கு ஊருக்குப் போய்த் திரும்பும்போதெல்லாம் அவர் பெட்டியில் பாதி மருந்துக் கடைதான் இருக்கும். அங்கே சீட்டு இல்லாமலே கொடுப்பார்கள், விலை மலிவு என்பார். இங்கே பர்மிட் ஆள் கிளினிக்குக் காய்ச்சலென்று போனால் அரை வாரக் கூலி போய்விடும். அதனால் அக்கம்பக்கத்துப் பர்மிட் ஆட்கள் எல்லாருக்கும் அவர் சட்டைப் பைதான் கிளினிக். வயிற்றுப்போக்குக்கு ஒரு மஞ்சள் மாத்திரை வைத்திருந்தார். அதில் அவருக்கு ஒரு கணக்கு உண்டு.

"நின்னுச்சா?"

"நின்னுடுச்சுண்ணே."

"அப்ப மிச்சத்தக் குடுங்க. நின்ன பெறகு எதுக்கு வீணா உள்ள போடணும்? அடுத்த ஆளுக்கு ஆகும்ல."

இப்படி ஒரே அட்டை மூன்று வயிறுகளுக்குப் பயன்படும். மிச்சத்தைத் திருப்பிக் கொடுக்கிறவர்களும் ஏதோ புண்ணியம் செய்ததுபோல் கொடுப்பார்கள். என்ன ஒரு மனுஷன் என்று அக்கா எங்களிடம் சொல்வாள். மருந்தைக்கூடத் தனக்கென்று வைத்துக்கொள்ள மாட்டேன் என்கிறாரே என்று.

தைப்பூசத்துக்குப் பத்துமலையில் அக்கா ஒரு மோர்ப் பந்தல் போட்டாள். அவர்தான் மோர் கலக்கினார். வெயில் ஏறிய நேரத்தில், காவடியோடு வந்த கூட்டத்தில் ஒரு கிழவர் தார்ச்சாலையில் காலை மாற்றி மாற்றி வைப்பதைப் பார்த்துத் தன் செருப்பைக் கழற்றிக் கொடுத்துவிட்டார். அக்கா என்னை அனுப்பிப் புதுச் செருப்பு வாங்கிவரச் சொன்னாள். கூட்டத்தில் இடிபட்டு வாங்கி வந்தேன். நான் மோர் ஒரு டம்ளர் குடித்து நிமிர்வதற்குள் அதுவும் வேறொருவர் காலில் இருந்தது. அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டதே இல்லை. பிறகு தன் முந்தானையால் தரையைத் தட்டி, "இங்க நிழல்ல வந்து நில்லுங்க, இந்தாங்க" என்றாள். அதுவரை ஊர்க்காரரே என்று கூப்பிட்டவள் அன்றிலிருந்து, கட்டியவனைக் கூப்பிடுவதுபோல், இந்தாங்க என்று கூப்பிடத் தொடங்கினாள். நான் தம்பியாகவே இருந்தேன். செருப்பு வாங்கி வந்த தம்பி.

அந்த வருடம் அவர் ஊரிலிருந்து திரும்பிய வாரம் வயிறு சரியில்லை என்று அடிக்கடி பின்பக்கம் போய் வந்தார். இரண்டு மஞ்சள் மாத்திரை போட்டார். நின்றது. மிச்சத்தைப் பையில் வைத்துக்கொண்டு மறுநாளே தாம்பாளத்தின் முன் உட்கார்ந்துவிட்டார்.

முதலில் பாத்திரம் கழுவும் பெண் விழுந்தாள். பிறகு பொட்டலம் மடிக்கும் பெண். மேரி ஆன்டி சுவரைப் பிடித்துக்கொண்டு, "ஒரே வயித்தால போகுது, குடல் கழண்டு வந்துடும் போல" என்று முனகினார். ஊர்க்காரர் ஆளுக்கு இரண்டு மாத்திரை கொடுத்தார். கஞ்சியில் உப்புப் போட்டு ஒவ்வொரு வீடாகக் கொண்டுபோனார். மாத்திரை கேட்கவில்லை. அவருக்கே அது புதிதாக இருந்தது. அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "காலாவதி ஆகலையே" என்றார்.

கடைசியில் அக்கா விழுந்தாள். மற்றவர்களுக்குத் தண்ணீராகப் போனது. அவளுக்கு ரத்தம் போனது. காய்ச்சலில் உடம்பு அடுப்பாகக் கொதித்தது. ஊர்க்காரர் மாத்திரையைத் தண்ணீரில் கரைத்து ஊட்டப் பார்த்தார். நான்தான், "இதெல்லாம் போதும், ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்க" என்று கத்தினேன். வேன் சாவி என் கையில் இருந்தது. அந்த ஒரு நாள் அவளைக் காப்பாற்றுகிறவன் நான் என்று நினைத்துக்கொண்டே ஓட்டினேன். பின்கண்ணாடியில் பார்த்தால், காலிக் கூடைகளுக்கு நடுவே அவள் தலை அவர் மடியில் கிடந்தது. துண்டை நனைத்து நெற்றியில் வைத்துக்கொண்டிருந்தார். அவள் கண்ணைத் திறக்காமலே அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். கண்ணாடியை மேல்பக்கம் திருப்பிவிட்டேன்.

ஆஸ்பத்திரியில் கொடுத்த முதல் மருந்தும் கேட்கவில்லை. காய்ச்சல் இறங்கவில்லை, சிறுநீர் குறைந்துகொண்டே வந்தது. ஓர் இளம் டாக்டர் வெளியே வந்து, பரிசோதனை முடிவு வந்தால்தான் எந்த மருந்துக்கு அடங்கும் என்று தெரியும், அதுவரை உடம்பு தாங்க வேண்டும் என்றார். நாங்கள் இருவரும் நடைபாதையில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அவர் ஒரு ரொட்டி வாங்கி வந்து பாதியை எனக்கு நீட்டினார். பசி கண்ணை அடைத்தது. வேண்டாம் என்றேன்.

முடிவு வந்து, நரம்பில் ஏற்றும் ஒரு மருந்தை மாற்றிக் கொடுத்தார்கள். அதற்கு அடங்கியது. அக்கா பிழைத்தாள். பாதி உடம்பாக வீட்டுக்கு வந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து தகவல் போய், சுகாதார அலுவலகத்தார் எங்கள் அடுப்படியைப் பூட்டியிருந்தார்கள். எல்லாருடைய மலத்தையும் சின்னப் போத்தலில் எடுத்துப் போனார்கள். எனக்கு ஒரே ஓர் ஆசைதான் இருந்தது: அவர் போத்தலில் அது இருக்க வேண்டும். கோயிலுக்குப் போகாதவன், அதற்காகப் போய்ச் சூடம்கூடக் கொளுத்தினேன்.

இருந்தது. அக்காவிடம் இருந்ததும் அதுவே, அவரிடம் இருந்ததும் அதுவே. எந்தெந்த மருந்துக்கு அடங்காதோ அந்த வரிசைகூட ஒன்று. மற்ற பெண்களிடமும் அதே. என்னிடம் மட்டும் ஒன்றுமில்லை.

இதைச் சொல்ல வந்த சுகாதார அலுவலகத்துப் பெண் நம்மவர்தான், சின்ன வயது. எல்லாரும் மிஸ் என்று கூப்பிட்டோம். அடுப்படி வாசலில் எங்களை உட்காரவைத்துப் பொறுமையாகப் பேசினார். அக்கா சாய்வு நாற்காலியில் போர்வையோடு இருந்தாள்.

"இதுக்குப் பேரு ஷிகெல்லா. ஆடு, மாடு, கோழி எதுலயும் இது தங்காது. மனுஷன் வயிறுதான் இதுக்கு வீடு. ஒருத்தர் வெளிக்குப் போய்ட்டு வந்த கையில இருந்து இன்னொருத்தர் வாய்க்குப் போகும். நெறைய வேணாம், கண்ணுக்குத் தெரியாத அளவு போதும்."

"அதுக்கு எப்படி ரத்தம் வருது மிஸ்?" என்றார் மேரி ஆன்டி.

"குடல் சுவர் இருக்கில்லையா, அத நம்ம தெரஸ் வீட்டு வரிசை, ஒட்டி ஒட்டிக் கட்டின வீடுங்கன்னு வச்சுக்குங்க. இது ஒரு வீட்டுக்குள்ள பூந்துட்டா அப்புறம் ரோட்டுக்கே வராது. உள்ளுக்குள்ளயே நடுச்சுவத்த இடிச்சுப் பக்கத்து வீட்டுக்குப் போகும், அங்க இருந்து அடுத்த வீட்டுக்கு. வரிசையே புண்ணாயிடும்."

"மாத்திரை ஏன் கேக்கல?" இது ஊர்க்காரர்.

"உங்களுக்கு மாத்திரையால நிக்கல அண்ணே. அதுவா நின்னுச்சு. கிருமி உள்ளயேதான் இருந்துச்சு. சும்மா சும்மா போடுற மாத்திரை, பாதில நிறுத்துற மாத்திரை, இதுல எல்லாம் சாவுறதுக்குன்னு இருக்கிற கிருமிங்க செத்துடும். தாங்குறது மட்டும் மிஞ்சும், பெருகும். இன்னொண்ணு இருக்கு. எப்படித் தாங்குறதுங்கிற வித்தைய இது தனக்குன்னு வச்சுக்காது. பக்கத்துல வேற சாதிக் கிருமி இருந்தாலும் அதுக்கும் ஒரு பிரதி எடுத்துக் குடுத்துடும். தானும் வச்சுக்கும், குடுக்கவும் செய்யும்."

"நம்ம ஊர்க்காரர் மாதிரி" என்றார் மேரி ஆன்டி. அந்த நிலைமையிலும் அக்கா சிரித்தாள். ஊர்க்காரர் சிரிக்கவில்லை. தன் இரண்டு கைகளையும் மடியில் கவிழ்த்து வைத்திருந்தார்.

"அவரு ஊர்ல இருந்துதான் கொண்டுவந்தாரா?" என்று கேட்டேன். கேட்டவன் நான்தான்.

"அது சொல்ல முடியாது. பிளேன்ல வந்திருக்கலாம், இங்கயே இருந்து அவருக்கு வந்திருக்கலாம். இப்ப எல்லா ஊர்லயும் இருக்கு." பிறகு என் பக்கம் திரும்பினார். "மேருவுல பொட்டலம் சாப்பிட்ட ஒருத்தருக்கும் ஒண்ணும் இல்ல. இங்க உள்ள எல்லாருக்கும் வந்திருக்கு, உங்களத் தவிர. வராத ஆளாலதான் எங்களுக்கு வழி தெரியும். இவங்க சாப்பிட்டதுல நீங்க எத சாப்பிடல?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"அவரு பிசைஞ்ச சோறு" என்றேன். "அவரு கையால நான் சாப்பிட மாட்டேன்."

"ஏன்? வயித்துக்கு ஆகாதா?"

வேறு ஏதாவது சொல்லியிருக்கலாம். நெய் பிடிக்காது என்றோ, சூடாகத்தான் சாப்பிடுவேன் என்றோ. "பிடிக்காது" என்றேன். எதை என்று மிஸ் கேட்கவில்லை. பெண்களுக்குச் சில விஷயங்கள் முகத்திலேயே தெரிந்துவிடும். மேரி ஆன்டி, "அடப் பாவி, இதான் சங்கதியா" என்று வாய்க்குள் சொன்னது எனக்குக் கேட்டது.

"அப்ப என்ன சாப்பிடுவீங்க?"

"எனக்குத் தனியாப் பொட்டலம் இருக்கும் மிஸ். வேன் சீட்ல. அக்கா வைப்பாங்க." சொல்லும்போது நிமிர்ந்து உட்கார்ந்தேன் என்றுதான் நினைவு. இவ்வளவு காலம் பொத்தி வைத்திருந்ததை அவர் முன்னால், அவள் முன்னால், சொல்லிவிட்டேன்.

அக்கா போர்வையை விலக்கிக்கொண்டு என்னைப் பார்த்தாள். "நான் எதுவும் வைக்கலயே தம்பி."

வெளியே ஏதோ லோரி பின்பக்கம் எடுக்கும் சத்தம் வந்தது.

"நான்தான் வைப்பேன்" என்றார் ஊர்க்காரர், தரையைப் பார்த்தபடி. "அண்ணன் எங்கூடச் சேர்ந்து சாப்பிட வர்றதில்ல. பசியோட வண்டி ஓட்டக் கூடாதுல்ல. எங் கை அவருக்குப் புடிக்காதுன்னு தெரியும். அதனால பானையில இருந்து கரண்டியால எடுத்துத்தான் போடுவேன், தொட மாட்டேன். காகிதத்தக்கூட மேரியம்மாவத்தான் மடிக்கச் சொல்லுவேன்."

"ஆமாம்" என்றார் மேரி ஆன்டி. "நான் யாருக்குன்னு கேட்டதில்ல."

மிஸ் ஏதோ எழுதிக்கொண்டார். "சூடா, கரண்டில. அதான் தப்பிச்சீங்க" என்றார்.

நான் எழுந்து வேனுக்குப் போனேன். அந்தச் சுவரோர நிழல்களில் நான் சாப்பிட்டதெல்லாம் நினைவில் வந்தது. மீன் துண்டு, ஒரு நாள் வைத்த முட்டை, காய்ச்சலாக இருந்த அன்று சோற்றுக்குப் பதில் இருந்த ரசக் கஞ்சி. ஒவ்வொன்றுக்கும் அவள் முகத்தை வைத்திருந்தேன். இப்போது ஒவ்வொன்றிலும் அந்த ஆளின் முகத்தை மாற்றி வைக்க வேண்டியிருந்தது. அவரை வெறுப்பதற்குக்கூட அவர் எனக்கு வசதி செய்து தந்திருந்தார் என்பதுதான் தாங்கவில்லை.

அடுப்படியை மருந்து போட்டுக் கழுவி, சோப்பும் குழாயும் புதிதாக வைத்து, மறுபடி திறக்க அனுமதி கிடைத்தது. அடுத்தடுத்துச் சுத்தம் என்று முடிவு வரும் வரை கிருமி இருந்தவர்கள் சமையலைத் தொடக் கூடாது. ஆக அடுப்புக்கு நான்தான். அக்காவே கூப்பிட்டுச் சொன்னாள், "நீதான் தம்பி சுத்தமான ஆளு, நீ பாத்துக்கோ" என்று. உதவிக்கும் வேன் ஓட்டவும் இரண்டு புது ஆட்களைச் சேர்த்துக் கொடுத்தாள். கையுறை போட்டுக்கொண்டு சமைத்தேன். மேருவில் யாரும் குறை சொல்லவில்லை. யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

ஊர்க்காரர் சட்டைப் பை காலியாக இருந்தது. மிச்ச மாத்திரைகளை மிஸ் வாங்கிக்கொண்டு போய்விட்டார். பின்கட்டில் உட்கார்ந்து சோப்புப் போட்டுக் கை கழுவிக்கொண்டே இருப்பார். விரல் இடுக்கெல்லாம் வெளுத்துவிட்டது. யாருக்கும் எதையும் நீட்டாமல் அவரைப் பார்க்க எனக்கு நன்றாக இருக்கும் என்று எண்ணியிருந்தேன். அக்காவுக்குத்தான் அது பொறுக்கவில்லை. அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "நமக்குள்ள என்ன தீட்டு, ரெண்டு பேருக்கும் ஒரே சீக்குதானே. குடுங்க" என்று அவர் உரித்த ஆரஞ்சுச் சுளையை அவர் கையிலிருந்து பிடுங்கி வாயில் போட்டுக்கொண்டாள். நான் குழம்பைக் கிளறிக்கொண்டிருந்தேன். அடிபிடித்துவிட்டது.

மற்ற பெண்களுக்குச் சீக்கிரம் சுத்தம் என்று வந்துவிட்டது. அவர்கள் இருவருக்கு மட்டும் இழுத்தது. வாரம் ஒரு முறை போத்தல் கொண்டு கிளினிக்குக்குப் போக வேண்டும். ஒரு காலை, வேனை வாசலுக்குக் கொண்டுவந்து நிறுத்தினேன்.

"ஏறுங்கக்கா. வெயிலுக்கு முன்ன கொண்டு விட்டுடறேன்."

அக்கா தலையில் பூ வைத்திருந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அன்றுதான் வைத்திருந்தாள். அவர் கையில் ஒரு துணிப்பை. இரண்டு போத்தல்களும் அதற்குள்.

"வேணாம் தம்பி, நடந்தே போறோம். பக்கம்தானே."

"இவ்வளவு தூரம் உங்களால முடியாதுக்கா."

"முடியலன்னா எங்கயாச்சும் உக்காந்து போவோம். என்ன அவசரம்?" என்றாள். பிறகு, பாவம் என்று நினைத்தாளோ என்னவோ, "நீயும் வர்றியா?" என்று கேட்டாள்.

"எனக்கு டெஸ்ட் இல்லையேக்கா."

"ஆமால்ல" என்றாள்.

வாகனம் வரும் பக்கம் அவர் நடந்தார், கடைகளின் பக்கம் அவள். நகைக்கடை ஓரத்தில் அவள் மூச்சு வாங்க நின்றாள். அவரும் நின்றார். பையை மாற்றிப் பிடித்துக்கொண்டு அவர் ஏதோ சொல்ல, அவள் அவர் தோளில் அடித்தாள். இரண்டு பேரும் சிரித்தார்கள். மலத்தைப் பையில் போட்டுக்கொண்டு அப்படிச் சிரித்தபடி போகிற ஜோடியை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. அந்தக் கிருமி எனக்கு வந்திருக்கக் கூடாதா என்று நினைத்தேன். சத்தியமாக நினைத்தேன்.

அவர்கள் திருப்பத்தில் மறைந்த பிறகு வேனை ஓரமாக நிறுத்தினேன். அன்றைய பொட்டலங்களை முடித்து அனுப்பினேன். அடுப்பை அணைத்து, அடுப்படிச் சாவியை மேரி ஆன்டியிடம் கொடுத்தேன்.

"எங்கடா?" என்றார்.

"குவாந்தான் பக்கம் ஒரு லோரி போகுதாம். ஆள் தேடறாங்க."

"சாப்டுட்டாவது போயேன்."

"பசிக்கல ஆன்டி" என்றேன்.